ஈச்சிலம்பற்றுக்குப் பதில் சொன்ன திருகோணமலை

இல்லாத ஒரு மெஷினை இருப்பதாக மற்ற மெஷின்களை நம்ப வைப்பதுதான் என் தொழில். மரியாதையாகச் சொன்னால், புரொசெசர் எமுலேட்டர் எழுதுகிறேன். ஒரு கம்பனி புதிதாகப் புரொசெசர் ஒன்றை வடிவமைக்கிறது. அது தொழிற்சாலையிலிருந்து வெளியே வர இன்னும் காலம் கிடக்கிறது. அதற்கான மென்பொருளை எழுதுகிறவர்கள் அதுவரை எதில் ஓட்டிப் பார்ப்பார்கள்? நாங்கள் எழுதிக் கொடுக்கிற புரோகிராமில். அது அந்தப் புரொசெசரைப் போலவே கூட்டும், கழிக்கும், இடையில் கோபித்துக்கொண்டு நிற்கும். வேகம் மட்டும் வராது. செய்யாத வேலையைச் செய்ததுபோல மேலிடத்துக்குக் காட்டிப் பழகிய அலுவலக நண்பர்களே, நீங்கள் சம்பளத்தோடு சேர்த்து இதைச் செய்கிறீர்கள். எனக்கு இதற்குத்தான் சம்பளமே. ஆகவே நான் பட்ட பாடு உங்களுக்கு விளங்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

கடைக்காரருக்கு விளக்கம் சொன்னது

திருகோணமலை உள்துறைமுக வீதியில், படகு எஞ்சின்களுக்குச் சாமான் விற்கிற நஸீர் நானாவின் கடைக்கு மேல்மாடிதான் எங்கள் அலுவலகம். ஒரு அறை, இரண்டு மேசை, யன்னலைத் திறந்தால் துறைமுகம். தலைமை அலுவலகம் கொழும்பில் இருக்கிறது. இங்கே நானும் ரிஸ்வானாவும் மட்டும். ரிஸ்வானா கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் பாலம் தாண்டி வருகிறவர். வயதில் என்னைவிட இளையவர், வேலையில் என்னைவிட நிதானமானவர். நிதானம் என்பது இப்போது நான் சொல்கிற சொல். அந்த நாளில் மெதுவு என்றுதான் சொல்வேன்.

நாங்கள் குடிவந்த புதிதில் நஸீர் நானா ஒருநாள் மேலே ஏறி வந்து, என்ன வேலை செய்கிறோம் என்று விசாரித்தார். ரிஸ்வானாவைப் பார்த்துத்தான் கேட்டார். நான் பதில் சொன்னேன். அதையும் சுருக்கமாகச் சொல்லவில்லை. எஞ்சினே இல்லாமல், ஆனால் எஞ்சினின் சத்தம், புகை, அதிர்வு எல்லாம் தருகிற ஒரு பெட்டியைப் படகில் பூட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று அவருக்கு ஏற்ற உதாரணமும் கொடுத்தேன். சுக்கானைப் பிடித்திருக்கிறவருக்கு உண்மையான எஞ்சின் ஓடுகிறதென்றே தோன்றும் என்று பெருமையாக முடித்தேன். நானா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கதிரையைத் தள்ளி எழும்பினார்.

"விளங்கிச்சு தம்பி. படகு மட்டும் போகாது."

சின்ன வேலை

எங்கள் பெரிய வாடிக்கையாளர் நோர்வேயில் இருக்கிற ஒரு புரொசெசர் கம்பனி. அவர்கள் சார்பில் எங்களோடு பேசுகிறவர் நிர்மலா அக்கா. யாழ்ப்பாணத்தில் பிறந்து, அங்கே படிக்கப் போய், அங்கேயே தங்கிவிட்டவர். கிழமைக்கு ஒருமுறை வீடியோவில் கூட்டம் நடக்கும். கொழும்பிலிருந்து எங்கள் கம்பனியை நடத்துகிற பணிப்பாளரும் வந்து உட்கார்ந்திருப்பார். அப்படி ஒரு கூட்டத்தில் நிர்மலா அக்கா புதுக் கேள்வி ஒன்று கேட்டார். கணினி வாடகைக்கு விடுகிற கம்பனிகள் ஒரு பெரிய மெஷினைப் பல கற்பனை மெஷின்களாகப் பிரித்து வாடகைக்குக் கொடுக்கின்றன. வாடகைக்கு எடுத்தவர் அந்த மெஷினுக்குள்ளே இன்னொரு மெஷினை ஓட்டுகிறார். எங்கள் எமுலேட்டரில் அப்படி மெஷினுக்குள் மெஷின் ஓடுமா?

ரிஸ்வானா யோசித்துக்கொண்டிருந்தார். ஒருவர் யோசிப்பது வீடியோவில் சரியாகத் தெரியாது, இணைப்பு விறைத்து நின்றதுபோலத்தான் தெரியும். அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை. அது சின்ன வேலைதான், செய்துவிடலாம் என்று நானே சொல்லிவிட்டேன். அடுத்த நாள் பணிப்பாளர் தொலைபேசியில் வந்தார். இந்த வேலையைச் செய்து காட்டினால் திருகோணமலை அறை தொடர்ந்து இருக்கும், காட்ட முடியாவிட்டால் அறையைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் கொழும்புக்கு வந்துவிடலாம் என்றார். கொழும்புக்கு வருவதை ஏதோ பரிசு மாதிரிச் சொன்னார். நான் தனி ஆள், பெட்டியைக் கட்டினால் முடிந்தது. ரிஸ்வானாவின் கணவர் கிண்ணியாவில் ஆசிரியர். சின்னப் பிள்ளைகள், படுக்கையில் இருக்கிற மாமியார் எல்லாரும் அந்த வீட்டில்தான். பணிப்பாளர் சொன்னதை நான் தயங்கித் தயங்கி அவரிடம் சொன்னேன்.

"அண்ணன், எனக்குக் கொழும்பு எண்டா வேலை இல்லாமப் போறதுதான். உங்கட சின்ன வேலைக்குள்ள இப்ப என்ட வேலையும் கிடக்கு."

ஊர்ப் பெயர் வைத்த பிறகு

முதல் சிக்கல் பேச்சில்தான் வந்தது. வெளி மெஷின், உள் மெஷின், உள் மெஷினுக்கு உள் மெஷின் என்று கதைத்துக் கதைத்து, யார் எதைச் சொல்கிறோம் என்று எங்களுக்கே தெரியாமல் போனது. கடைசியில் ரிஸ்வானாதான் பெயர் வைத்தார். எங்கள் எமுலேட்டர் திருகோணமலை. அதற்குள் ஓடுகிற நடு மெஷின் கிண்ணியா. கிண்ணியாவுக்கும் உள்ளே ஓடுகிறது ஈச்சிலம்பற்று. கரையோர வீதியால் போகிறவர் கிண்ணியாவைத் தாண்டித்தான் ஈச்சிலம்பற்றுக்குப் போகவேண்டும், திரும்புவதும் அப்படியே. சட்டமும் அதுதான். ஈச்சிலம்பற்றுக்கு எது தேவையென்றாலும் கிண்ணியாதான் கொடுக்கும். அதற்கும் மேலே திருகோணமலை என்று ஒன்று இருப்பதே ஈச்சிலம்பற்றுக்குத் தெரியக்கூடாது.

பெயர் வைத்தது நல்ல வசதியாக இருந்தது. வேலை பாதி ஆன பிறகு ஒருநாள் மத்தியானம் அறைக்குள் சிக்னல் இல்லாமல் நான் படிக்கட்டில் நின்று கொழும்போடு பேசும்வரைக்கும். ஈச்சிலம்பற்று விழுந்துவிட்டது, கிண்ணியா உயிரோடு இருக்கிறது ஆனால் ஒரு பதிலும் இல்லை, திருகோணமலையை நிற்பாட்டிவிட்டு எல்லாவற்றையும் திரும்ப எழுப்பப்போகிறேன் என்று கத்திக் கத்திச் சொன்னேன். கீழே கடையில் ஈச்சிலம்பற்றிலிருந்து ஒரு மீனவர் எஞ்சின் சாமான் வாங்க வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. நான் இறங்கி வந்தபோது அவர் முகம் வெளிறிப்போய் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டு, எமுலேட்டர் என்றால் என்னவென்று தொடக்கத்திலிருந்து விளக்கினேன். நஸீர் நானா தன் முகத்தை ஒரு எஞ்சின் மூடிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். மீனவர் தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்கட வீட்டில ஒரு கோழிகூட விழயில்லையாம். இனி ஊரை எழுப்புறதெண்டா முதல்ல எங்களுக்கும் ஒருக்காச் சொல்லிப்போட்டு எழுப்புங்கோ."

பூச்சியத்தை ஒன்றாக்கியது

உனக்கு என்னென்ன ஏலும், அதாவது என்னென்ன செய்யமுடியும் என்று ஒரு புரொசெசரிடம் கேட்க ஒரு கட்டளை இருக்கிறது. கேட்டால் அது பூச்சியமும் ஒன்றுமாக ஒரு வரிசை தரும். பூச்சியம் என்றால் ஏலாது, ஒன்று என்றால் ஏலும். மெஷினுக்குள் மெஷின் ஓட்ட ஏலுமா என்பதற்கும் அதில் ஒரு இடம் உண்டு. எங்கள் எமுலேட்டரில் அந்த இடம் பூச்சியமாக இருந்தது. வேலையின் தொடக்கத்திலேயே, ஒரு வரி எழுதுவதற்கு முன்னமே நான் அந்தப் பூச்சியத்தை ஒன்றாக்கினேன். வேலை தொடங்கிவிட்டது என்ற உணர்வு வரட்டும் என்று நினைத்தேன். உணர்வு நன்றாகவே வந்தது. அந்த உற்சாகத்தில் அந்தப் பிரதியை நோர்வேக்கும் அனுப்பிவிட்டேன்.

அங்கே அவர்களுடைய மென்பொருள் எங்கள் எமுலேட்டரிடம் உனக்கு ஏலுமா என்று கேட்டது. ஏலும் என்று அது நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது. சரி, அப்படியானால் உள்ளே ஒரு மெஷினைத் தொடங்கு என்றது மென்பொருள். அந்தக் கட்டளையைத் தன் வாழ்நாளில் கேள்விப்பட்டிராத எமுலேட்டர் அந்த இடத்திலேயே குப்புற விழுந்தது. பிறகு நடந்த கூட்டத்தில் நிர்மலா அக்கா கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஏலாததை ஏலுமெண்டு சொல்ல எங்கடை கம்பனியிலையே கனபேர் இருக்கினம் தம்பி. அதுக்கு மெஷின் தேவையில்லை."

வெள்ளிக்கிழமை

அதன்பிறகு ஒழுங்காக எழுதத் தொடங்கினோம். கிண்ணியா தன் வேலையை நிறுத்தி ஈச்சிலம்பற்றை ஓட விடும்போது, கிண்ணியாவின் நிலை முழுவதையும் பத்திரமாக எடுத்து வைக்கவேண்டும். ஈச்சிலம்பற்று நிற்கும்போது அதையெல்லாம் பிசகாமல் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஈச்சிலம்பற்று நினைவகத்தில் ஒரு இடத்தைத் தொட்டால், அது உண்மையில் எங்கே இருக்கிறதென்று முதலில் கிண்ணியாவின் வரைபடத்தில் பார்த்து, அதை மறுபடி திருகோணமலையின் வரைபடத்தில் பார்க்கவேண்டும். ஒவ்வொரு தொடுகைக்கும் இதே அலைச்சல். காலையில் ஓட்டிவிட்டால் ஈச்சிலம்பற்று கண்விழிக்கப் பொழுது மத்தியானமாகிவிடும்.

இங்கேதான் நஸீர் நானாவின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். முன்பொரு முறை கடையில் வயர் எரிந்ததிலிருந்து, வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போகும்போது கடையைப் பூட்டி மெயின் சுவிட்சையும் நிறுத்திவிட்டுத்தான் போவார். மேல்மாடிக்கும் அதே சுவிட்ச்தான். எங்கள் யு.பி.எஸ். எப்போதோ செத்துப்போய், கதவு காற்றுக்கு அடிக்காமல் முட்டுக்கொடுக்கும் பதவியில் இருந்தது. அதனால் வெள்ளிக்கிழமைகளில் ரிஸ்வானா நேரத்தோடு எல்லாவற்றையும் மூடிவிடுவார். அந்த வெள்ளிக்கிழமை அவர் லீவு. எனக்குக் கிழமையும் நினைவில்லை, மெயின் சுவிட்சும் நினைவில்லை. ஈச்சிலம்பற்று வாழ்க்கையில் முதல் தடவையாக முழுதாக எழும்பி, பயனர் பெயர் என்ன என்று கேட்கப்போகிற நேரம். நான் விசைப்பலகையில் கைவைத்துக் காத்திருந்தேன். மின்விசிறி நின்றது, திரை கறுத்தது. நானா தொழுதுவிட்டு வந்து கடையைத் திறக்கும்வரை நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். நடந்ததை ஏறக்குறைய அழுகிற குரலில் சொன்னேன்.

"மூணு பேர் ஒருத்தனுக்குள்ள ஒருத்தன் இரிக்காங்க எண்டு நீங்கதானே சொன்னீங்க. அதுல ஒருத்தனாச்சும் ஜும்மாவுக்குப் போக வேணாமா தம்பி?"

கேள்வி யாருக்கு

செய்து காட்டுகிற நாள் கிட்ட வந்தது. ஈச்சிலம்பற்று இப்போது எழும்பும், கொஞ்சம் ஓடும், பிறகு அப்படியே மரம்போல நிற்கும். வரைபடத்தில்தான் பிழை என்று நான் தீர்மானித்தேன். அந்தப் பகுதி முழுவதையும் திரும்ப எழுதினேன். நின்றது. இன்னொரு முறை எழுதினேன். இன்னும் அழகாக நின்றது. ஈச்சிலம்பற்று என்ன கேட்கிறது, அதற்கு யார் பதில் சொல்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்று ரிஸ்வானா முன்பே சொல்லியிருந்தார். அதற்கெல்லாம் நேரமில்லை என்று நான் சொல்லியிருந்தேன். வேகமாக எழுதுகிறவன் நான் என்று எனக்கு ஒரு எண்ணம்.

அந்தக் கிழமைக் கூட்டத்தில் நிர்மலா அக்கா, இது ஏன் நிற்கிறதென்று ரிஸ்வானா நினைக்கிறார் என்று கேட்டார். நான் வரைபடத்தைப் பற்றி விரிவாக, படம் கீறிக் காட்டி விளக்கினேன். நான் முடித்ததும் அவர் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். குரல் சரியாகப் போய்ச் சேரவில்லையாக்கும் என்று நினைத்து, இன்னும் உரத்து முதலிலிருந்து தொடங்கினேன்.

"தம்பி, இணைப்பு நல்லாத்தான் இருக்கு. நான் ரிஸ்வானாவிட்டைக் கேட்டனான்."

பிடிபட்டது

அடுத்த நாள் ரிஸ்வானா கிண்ணியாவில் ஒரு பாடசாலையில் கணினி படிப்பிக்க இடம் இருக்கிறதா என்று தொலைபேசியில் யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தார். இந்தத் துறையில் அவரளவுக்குத் தெரிந்தவர்கள் இந்த மாவட்டத்தில் இல்லை. கொழும்பிலும் நிறையப் பேர் இல்லை. என் வாயால் போகப்போகிற வேலை அவருடையது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. என் கதிரையை விட்டு எழும்பி, உங்கள் வழியிலேயே பாருங்கள் என்று அவரை அதில் உட்கார வைத்தேன். உட்கார்ந்தவர் முதலில் என் தேநீர்க் கோப்பைகளை அப்புறப்படுத்தச் சொன்னார். பிறகு என்னையும் கொஞ்சம் வெளியே போய் நிற்கச் சொன்னார்.

அவர் ஈச்சிலம்பற்றின் கேள்விகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து போனார். ஈச்சிலம்பற்று எழும்பியதும், உனக்கு என்னென்ன ஏலும் என்று கேட்கிறது. அந்தக் கேள்வி கிண்ணியாவிடம் போகவேண்டும். கிண்ணியா தனக்கு ஏலுமானதை மட்டும் சொல்லி, மற்றதை மறைத்துவிடும். நான் எழுதியிருந்ததில் கேள்வி கிண்ணியாவுக்குப் போகவே இல்லை. நேரம் மிச்சமாகட்டும் என்று திருகோணமலையே முந்திக்கொண்டு, தன் திறமைகள் அத்தனையையும் அடுக்கியிருந்தது. ஈச்சிலம்பற்று அதை நம்பி, கிண்ணியா ஒருநாளும் தருவதாகச் சொல்லாத ஒன்றைப் பாவிக்கப் போயிற்று. இது என்னவென்று விளங்காமல் கிண்ணியா முழித்துக்கொண்டு நின்றது. அதுதான் முழுக் கதையும். வரைபடத்தில் ஒரு பிழையும் இருக்கவில்லை. நான் இரண்டாம் முறை எழுதும்வரைக்கும் இருக்கவில்லை என்று சொல்வதுதான் சரி, அதிலே நான் புகுத்தியவற்றையும் அவரே திருத்தினார். இப்படி எழுதியது நான்தான் என்று எப்படித் தெரியும், அதை இரண்டு பேரும்தானே எழுதினோம் என்று பலவீனமாக வாதாடிப் பார்த்தேன்.

"ஆர் எழுதினதெண்டு நான் பேர் பார்க்கல்ல அண்ணன். கிண்ணியாவிட்ட கேட்டதுக்குத் திருகோணமலை பதில் சொல்லியிருந்திச்சு. அதோட தெரிஞ்சு போச்சு."

காட்டிய நாள்

வெள்ளிக்கிழமை இல்லாத ஒரு நாளாகப் பார்த்து வைத்தோம். காலையிலேயே மூன்று ஊரையும் எழுப்பிவிட்டோம். பின்னேரம் கொழும்பிலிருந்து பணிப்பாளரும் நோர்வேயிலிருந்து நிர்மலா அக்காவும் திரையில் வந்தார்கள். மேசை முன்னால் ரிஸ்வானா. நான் என் மைக்கை நிறுத்திவிட்டு யன்னலோரம் போய் உட்கார்ந்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. ஈச்சிலம்பற்று பெயர் கேட்டது, உள்ளே விட்டது, கொடுத்த கணக்கைச் செய்து விடையைத் தந்தது. ரிஸ்வானா அதை இடையில் நிறுத்தி, நிறுத்திய இடத்திலிருந்தே திரும்ப ஓடவிட்டுக் காட்டினார். அதற்கும் நேரம் நிறையத்தான் எடுத்தது, ஆனால் ஓடியது. பணிப்பாளர் கைதட்டினார். எல்லாம் முடிந்ததென்று நினைத்தபோது நிர்மலா அக்கா, ஈச்சிலம்பற்றுக்குள்ளே இன்னுமொரு மெஷின் ஓடுமா என்று கேட்டார்.

பணிப்பாளர் உடனே என்னைத் தேடினார். ரிஸ்வானா யோசித்துக்கொண்டிருந்தார். திரையில் அது இணைப்பு விறைத்ததுபோலத்தான் தெரிந்திருக்கும். அது சின்ன வேலைதான் என்ற வசனம் என் தொண்டைவரை வந்து நின்றது. யன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இந்த அறையும் அவருடைய வேலையும் அந்த ஒரு பதிலில் தொங்குகின்றன என்று எனக்குத் தெரியும். ஓடும் என்று ஒரு வார்த்தை சொன்னால் இன்றைக்குத் தப்பிவிடலாம் என்பதும் தெரியும். ரிஸ்வானா தலையை நிமிர்த்தி, "ஏலாது" என்றார். அதை நாங்கள் இன்னும் எழுதவில்லை, எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதையும் பார்த்துவிட்டுத்தான் சொல்லமுடியும் என்று அமைதியாகச் சொல்லி முடித்தார். பணிப்பாளரின் முகம் தொங்கிப்போயிற்று. அறை போனது என்று நான் முடிவுகட்டினேன். நிர்மலா அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"எனக்கும் அது தேவையில்லை ரிஸ்வானா, கேட்டுப் பாத்தனான். ஏலாதெண்டு சொல்லத் தெரிஞ்ச ஆள் அங்கை இருக்கிறவரைக்கும் இந்த வேலை திருகோணமலையிலையே நடக்கட்டும்."

இப்போது அறை எங்களுக்கே இருக்கிறது, அதன் பொறுப்பு ரிஸ்வானாவிடம் இருக்கிறது, வாடிக்கையாளர் கேட்கிற கேள்வி முதலில் அவரிடம் போய் அவர் அவசியமென்று நினைத்தால் மட்டும் என்னிடம் வருகிறது. எல்லாவற்றுக்கும் உள்ளே, கடைசியில் கிடக்கிற மெஷினுக்கு இவ்வளவு நிம்மதி உண்டென்று தெரிந்திருந்தால் நான் எப்போதோ வாயை மூடியிருப்பேன்.